பாலேந்திராவின் பித்தளைக் கோதுகள்

1991 மார்ச் மாதத்தில் பாலேந்திராவிடம் ஒரு வேட்டைத் துவக்கும் நாற்பத்தெட்டுப் பித்தளைக் கோதுகளும் இருந்தன. ஒன்பது வருடங்களாகத் துவக்கு வைத்திருந்தும் அவர் கையால் ஓர் எறும்புகூடச் சாகவில்லை. கடுதாசியில் வட்டம் கீறி, அதில் ஓட்டை போட்டதோடு சரி.

அவர் லண்டனில், பிளேஸ்டோவில் குடியிருந்தார். இல்ஃபோர்ட்டில் ஒரு பட்டறையில் மூக்குக்கண்ணாடி வில்லை தேய்க்கும் வேலை. கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் ஓய்வு பெறும்போது, எசெக்ஸ் பக்கம் தான் வேட்டையாடும் பண்ணையை இவருக்கு அறிமுகப்படுத்தித் துவக்கையும் விற்றுவிட்டுப் போனார். பொலிஸ் லைசென்ஸ், சுவரில் பூட்டிய இரும்பு அலுமாரி எல்லாம் ஒழுங்காக இருந்தன. முயலுக்கும் நரிக்குமான சின்னத் துவக்கு அது. ஒரு கையால் தூக்கிவிடலாம். அதிலிருந்து பாயும் சன்னம் புளியங்கொட்டையை விடச் சிறியது.

சொந்தக்காரர்கள் சும்மா விடவில்லை. "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். நீ காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறாய்?"

"மற்றவனிட்டை இருந்தால்தானே பயம்? இது என்னட்டை இருக்கு" என்பார் பாலேந்திரா.

உண்மையில் சுடுவதை விடத் துவக்கில் போடும் ரவை செய்வதில்தான் அவருக்கு உயிர். சுட்டு முடிந்த ரவையில் மிஞ்சுவது வெறும் பித்தளைக் கோது. அதைக் கழுவி, மினுக்கி, அடியில் பொறி தட்டும் புதுப் பிரைமர் பொருத்தி, வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, வாயில் புதுச் சன்னத்தை வைத்து, கைப்பிடியுள்ள ஓர் அச்சில் அழுத்தி இறுக்க வேண்டும். ஒருமுறை சுட்ட கோது அந்தத் துவக்கின் அளவுக்கே விரிந்து கொடுத்திருக்கும். தையற்காரன் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

"கடையிலை பெட்டி பெட்டியா விக்குதாமே, அதை வாங்கிச் சுட்டால் என்ன?" என்று மனைவி சிவகௌரி ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டாள்.

"நீர் கறித்தூள் கடையிலை வாங்குவீரோ?"

மிளகாயும் மல்லியும் தன் கையால் வறுத்து இடித்தால்தான் அவளுக்குக் கறி. அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சண்டை மேசைக்குத்தான். குசினி மேசையில் ஆடாத மூலை ஒன்றுதான் இருந்தது. அங்கே தேங்காய் திருவும் மெஷினைப் பூட்டுவதா, ரவை அச்சைப் பூட்டுவதா என்று கிழமைக்கு ஒருதரம் நடக்கும்.

பண்ணைக்காரர் விட்லொக் பொறுமையானவர். ஆனால் அந்த மார்ச்சில் ஆட்டுக்குட்டிகளை நரி கொண்டுபோகத் தொடங்கியது.

"இத்தனை வருடமாக என் வயலில் நீ சுட்டது காகிதத்தை. என் நரி காகிதம் தின்பதில்லை" என்றார் அவர். "இன்னும் மருந்து சரிவரவில்லை, இன்னும் மருந்து சரிவரவில்லை என்று எத்தனை நாளைக்குச் சொல்லப்போகிறாய்? வருகிற சனிக்கிழமை நரிக்கு ஒரு வழி பண்ணு. இல்லாவிட்டால் வயலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்."

பாலேந்திரா மாதங்களை எண்ணிப் பார்த்தார். மே மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். சுடுவதற்கு ஒரு நிலம் காட்டாவிட்டால் பொலிஸ் புதுப்பிக்காது. லைசென்ஸ் போனால் துவக்குப் போகும். துவக்குப் போனால் தராசும் அச்சும் எதற்கு?

அவர் நாற்பத்தெட்டுக் கோதுகளையும் எடுத்தார். நரிக்கென்று திறமானவற்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரிப் பழப்புளி போட்டுத் தேய்த்தார். தங்கம் மாதிரி வந்துவிட்டது. ஹீற்றருக்கு மேலே பேப்பர் விரித்து, வரிசையாக நிறுத்திக் காயவிட்டு, வியாழக்கிழமைக் காலை ஷிப்டுக்குப் போனார்.

அன்று பார்த்துக் கனகாம்பிகை அக்கா வந்தார். மண்டபம் ஒன்றில் நடந்துவந்த பிள்ளையார் கோயிலுக்குச் சாமான் சேர்ப்பவர். அவர் காதில் விழுந்தது பின்னேரத்துக்குள் ஈஸ்ட்ஹாம் முழுக்கப் போய்விடும். அதனாலேயே சிவகௌரி அவரிடம் துவக்கு விஷயம் பற்றி மூச்சு விட்டதில்லை.

"என்ன பிள்ளை இது, இவ்வளவு வடிவாய் மினுங்குது?"

"அது... சும்மா, பித்தளைச் சாமான் அக்கா."

"ஊதுபத்தி குத்திறதோ?"

சிவகௌரிக்கு வேறு பொய் வரவில்லை. "ஓம்" என்றாள்.

"பிள்ளையாருக்கெண்டே செய்த மாதிரி இருக்கு. எல்லாம் அவருக்குத்தானே?"

அதற்கும் ஓம் என்றாள். ஒருவர் கோயிலுக்கென்று கேட்டு, இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அக்கா நாற்பத்தெட்டையும் பையில் போட்டுக்கொண்டு, கதவடியில் நின்று வாழ்த்திவிட்டுப் போனார்.

பின்னேரம் வந்த பாலேந்திரா வெறும் பேப்பரைப் பார்த்தார்.

"எங்கை?"

"பிள்ளையாரிட்டை."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீர்?"

"இது துவக்கு ரவையெண்டு சொல்லச் சொல்லுறீங்களோ? நாளைக்கு ஒரு சனமும் எங்கடை வீட்டுப் படி மிதிக்காது!"

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் கோயிலுக்குப் போனார்கள். பிள்ளையாருக்கு முன்னால் மணல் பரப்பிய தட்டங்களில் கோதுகள் வட்டமாக நின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் மூன்று சந்தனக்குச்சி புகைந்துகொண்டிருந்தது. பார்க்க உண்மையிலேயே வடிவாகத்தான் இருந்தது. கனகாம்பிகை அக்கா பக்கத்தில் நின்று, வருகிற சனத்துக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அதிலை ஒரு பத்து எனக்குத் திருப்பி வேணும்" என்றார் பாலேந்திரா.

"சுவாமிக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ? என்ன தம்பி கதை இது?"

"ஒரு அவசரத் தேவை."

"பிள்ளையாரை விடப் பெரிய அவசரமோ?"

"அது... ஒரு மெஷின்ரை பாகம்."

"எந்த மெஷின்? தையல் மெஷினோ?"

"இல்லை..."

"அப்ப?"

சனம் கூடிவிட்டது. ஐயரும் எட்டிப் பார்த்தார். புருஷன் வேர்த்து விறுவிறுத்து நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் சிவகௌரி வாயைத் திறந்தாள்.

"அக்கா, அது துவக்கு ரவையின்ரை கோது!"

ஒரு நிமிடத்தில் தட்டங்களுக்கு முன்னால் ஆளில்லை. எல்லாரும் செருப்புக் கழற்றும் இடத்தில் நின்றார்கள்.

"என்ரை பிள்ளையாரே! துவக்குச் சாமானிலையோ சந்தனக்குச்சி குத்தினனான்?" கனகாம்பிகை அக்கா கையைச் சீலையில் துடைத்தார்.

ஐயர் ஒரு கோதைத் தூக்கிப் பார்த்தார். "இது வெடிக்குமோ?"

"இல்லை ஐயா, வெறும் பித்தளை."

"அப்ப ஏன் எல்லாரும் வாசலிலை நிக்கினம்? வாங்கோ உள்ளுக்கு, பூசைக்கு நேரமாச்சு."

உள்ளே வந்த சனம் அதைத் தொட மாட்டோம் என்றது. ஐயரே குச்சிகளைப் பிடுங்கி, கோதுகளை அர்ச்சனைத் தட்டில் கொட்டி, விபூதியும் பூவும் வைத்துக் கொடுத்தார். பாலேந்திரா நாற்பத்தெட்டையும் எண்ணாமலே வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமைக் காலை ஐந்து ரவை செய்தார். மருந்தை நிறுத்து, திருப்பி நிறுத்து, அச்சின் கைப்பிடியை மெல்ல இழுத்தார். சிவகௌரி அன்று மேசைக்குச் சண்டை பிடிக்கவில்லை.

"கைநடுக்கம் இல்லாமல் சுடுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

பொழுது சாய்கிற நேரம், வேலியோரம் நரி வந்தது. விட்லொக் பாலேந்திராவுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தார். துவக்கின் தொலைநோக்கிக்குள் நரி தலையைத் திருப்பி நேரே பார்த்தது. கடுதாசிக்குக் கண் கிடையாது. இதற்குக் கண் இருந்தது, மஞ்சளாக. பாலேந்திராவின் விரல் அவரைக் கேட்காமலே விசையை இழுத்துவிட்டது.

நரிக்கு ஒரு சாண் தள்ளி, தீனி வைக்கும் தகர வாளி டாண் என்று பறந்தது. நரி வேலியைப் பாய்ந்து, அடுத்த பண்ணையைக் குறுக்கறுத்து, மேட்டுக்கு அப்பால் மறைந்தது.

"அது என் வாளி" என்றார் விட்லொக்.

"மன்னிக்க வேணும்."

விட்லொக் எழும்பி முழங்கால் மண்ணைத் தட்டினார். "பரவாயில்லை. காகிதத்தை விட்டு இவ்வளவு தூரமாவது வந்தாயே. ஒரு மாதம் பார்ப்போம்."

அந்த மாதம் விட்லொக்கின் ஆட்டுக்குட்டி ஒன்றும் போகவில்லை. போனதெல்லாம் அடுத்த பண்ணைக்காரருடையவை. அவர் விட்லொக்கிடம் வந்து, துவக்குக்காரர் யாரையாவது தெரியுமா என்று விசாரித்தார். விட்லொக் சிரிக்காமல் பாலேந்திராவின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார்.

மே மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க வந்த பொலிஸ்காரரிடம் பாலேந்திரா சுடுவதற்கு இரண்டு பண்ணைகளைக் காட்டினார். லைசென்ஸ் இன்னும் மூன்று வருடங்களுக்குக் கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை அவர் அந்த நரியைத் தேடி இரண்டாவது பண்ணைக்குப் போனார்.