நாற்காலியம்மாவின் பயம்

அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம். லிஃப்டில் ஏறப் பயம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் பயம், யாராவது "உன்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்று ஆரம்பித்தாலே பயம். "பயந்தாங்கொள்ளி" என்றுதான் புருஷன் அவளைக் கூப்பிடுவான். கல்யாணமான புதிதில் கேலியாகச் சொன்னது, பிள்ளை இல்லாத அந்த வீட்டில் செல்லப் பெயராகவே நிலைத்துவிட்டது.

வேலை பார்த்த இடத்தில் அவளுக்கு வேறு பெயர். அரசு விருந்தினர் மாளிகையின் கூட்ட அறை அவள் பொறுப்பு. அதனால் நாற்காலியம்மா. நாற்காலி போடுவதில் அப்படி என்ன வித்தை என்று கேட்பீர்கள். இரண்டு கட்சிகள் கூட்டணி பேச வந்தால் முதல் வம்பே நாற்காலியில்தான்! ஒருவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் இன்னொருவர் சுவரைப் பார்த்து உட்கார மாட்டார். ஒன்றுக்குக் கைப்பிடி இருந்தால் அத்தனைக்கும் இருக்க வேண்டும். ஆகவே வட்ட மேசை, ஒரே உயர நாற்காலிகள், ஒரே மாதிரி தண்ணீர்ப் பாட்டில்கள். உள்ளே மணி அடித்தாலொழிய ஊழியர் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. இத்தனை வருடத்தில் அவள் இதில் பிசகியதே இல்லை. பிசகப் பயம்.

அந்தத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பெரிய கட்சி ஆட்சி அமைக்க ஒரு சின்னக் கட்சியின் தயவு வேண்டியிருந்தது. சின்னக் கட்சித் தலைவர் ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஊர் இன்னமும் ட்யூஷன் சார் என்றுதான் சொல்லும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தண்ணீர்த் துறை. ஓட்டுப் போட்ட வறண்ட கிராமங்களுக்கு வாய்க்கால் வெட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

பேச்சு தொடங்கும் காலையில், பக்கத்து அறையில் தண்ணீர் வைக்கப் போனவள் திடுக்கிட்டு நின்றாள். ட்யூஷன் சார் வெறும் தரையில் மல்லாந்து கிடந்தார். முகமெல்லாம் வியர்வை.

"ஐயோ சார்! டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"சத்தம் போடாதம்மா. முதுகெலும்புல கோளாறு. உட்கார்ந்தா உயிர் போகுது, படுத்தா அடங்கிடும்." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாத தங்கச்சி. நான் விழுந்துட்டேன்னு தெரிஞ்சா என் ஆளுங்களை ஒவ்வொருத்தனா விலை பேசி இழுத்துடுவாங்க."

அது அவளுக்குத் தெரிந்த வலி. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் ஒரு விபத்தில் முதுகு ஒடிந்து, மாளிகைக்குப் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸில் படுத்த படுக்கையாகக் கிடந்தான். வலியில் அவன் பல்லைக் கடிக்கும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு நொந்த மனசு இப்போதும் பொறுக்கவில்லை. வீட்டுக்கு ஓடினாள். அவனுடைய பஞ்சுத் திண்டைக் கொண்டுவந்து சாரின் நாற்காலியில் வைத்து, கண்ணை உறுத்தாமல் அதே நிறத் துணியால் மூடினாள்.

இரக்கப்பட்டவள் உயரத்தை மறந்துவிட்டாள்!

போட்டோக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். அடுத்த நிமிடம் டிவியில் படம். பெரிய கட்சித் தலைவரைவிட ஒரு தலை உயரமாக ட்யூஷன் சார் வீற்றிருந்தார். பெரிய கட்சி அலுவலக வாசலில் தொண்டர்கள் கொதித்தார்கள். "யாருய்யா ஆளப்போறது? நம்மாளா, அந்த ஆளா?" பேச்சு பாதியில் நின்றது.

மாளிகை மேனேஜர் அவளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். "என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க? எதிர்க்கட்சிக்காரன் சொல்லிக் குடுத்தானா?"

"இல்லைங்க சார், சத்தியமா இல்லைங்க."

"அப்ப எதுக்கு வெச்ச? வாயைத் திற. வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும். படுத்துக் கிடக்குற மனுஷனைத் தூக்கிக்கிட்டு எந்தத் தெருவுல போய் நிப்ப?"

அவள் அப்போதும் சொல்லவில்லை. மிரட்டலுக்கு வாய் திறக்கவில்லை. ஆனால் பெரிய கட்சிக்காகப் பேரம் பேச வந்த வக்கீலம்மா உள்ளே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காருங்க அக்கா. பயப்படாதீங்க. உங்க மேல ஒரு தூசி விழாம நான் பார்த்துக்கறேன்," என்று முதுகைத் தடவினாள் பாருங்கள், அதில் உடைந்துபோனாள்.

"அவருக்கு முதுகு வலிம்மா. தரையில கிடந்தாரு. பாவமா இருந்துச்சு."

"அவ்வளவுதானா?" வக்கீலம்மா சிரித்தாள். "நல்ல மனசு அக்கா உங்களுக்கு."

திண்டு அகற்றப்பட்டது. பேச்சு மறுபடி தொடங்கியது. வேலை தப்பியது என்று மேனேஜர் சொன்னார். டீ வண்டியோடு கதவோரம் மணிக்காகக் காத்து நின்றாள். மணி அடிக்கவே இல்லை.

"இடைவேளை எல்லாம் எதுக்கு? முடிச்சுட்டே எழுந்திருப்போம்," என்றது வக்கீலம்மாவின் குரல்.

டீ ஆறியது. மாற்றி வைத்தாள், அதுவும் ஆறியது. தண்ணீர்த் துறை தர முடியாது என்றார்கள். "அப்ப கூட்டணியே இல்ல," என்றார் ட்யூஷன் சார், குரலில் கம்பீரத்தோடு. பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேயே வந்தது. துறைக்குப் பதில் ஒரு குழு, அதற்கு அவர் தலைவர் என்றார்கள். இந்த முறை பதிலுக்கு அவர் பல்லைக் கடிக்கும் சத்தம்தான் கேட்டது. வீட்டில் கேட்ட அதே சத்தம்! கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். சாரின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வக்கீலம்மா ஒரு பேனாவை மூடி கழற்றி அவர் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

அட பாவி மனமே! வலியைச் சொன்னால் இரங்குவார்கள் என்றல்லவா நினைத்தாள். அந்த வலியையே ஆயுதமாக்கிவிட்டார்களே.

அவள் எப்படி உள்ளே போனாள் என்று கேட்காதீர்கள். அவளுக்கே தெரியாது. மணி அடிக்காத அறையின் கதவைத் திறந்தாள்.

"எழுந்திருங்க சார். இவங்களுக்கு எல்லாம் தெரியும். பயத்துல நான்தான் உளறிட்டேன். தெரிஞ்சுதான் உங்களை உட்கார வெச்சிருக்காங்க."

பெரிய கட்சித் தலைவர் வக்கீலம்மாவைப் பார்த்தார். வக்கீலம்மா பேனாவைப் பார்த்தாள்.

ட்யூஷன் சார் அவளை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு, முனகலை ஒளிக்காமல், மெல்ல எழுந்து நின்றார்.

"சரி, இனிமே மறைக்க ஒண்ணுமில்ல. போர்டு முன்னாடி நின்னே காலம் தள்ளினவன் நான். நின்னுக்கிட்டே பேசலாம். முதல்லேர்ந்து ஆரம்பிங்க. தண்ணீர்த் துறை."

சாயங்காலம் கூட்டணி முடிவானது. அவர் கட்சி எம்.எல்.ஏ. ஒருவன் அவர் பயந்தபடியே அன்றைக்கே தாவிவிட்டான். அவனில்லாமலும் ஆட்சி அமைக்க ஆள் போதுமாக இருந்ததால் துறை அவருக்கே வந்தது. நாற்காலியம்மாவைப் பற்றி எந்த டிவியும் சொல்லவில்லை. மேனேஜர் சொன்னார். மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்தாள். புருஷன் கிடந்தபடியே அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"பயந்தாங்கொள்ளிக்கு எங்கேர்ந்துடி தைரியம் வந்துச்சு?"

"தைரியமாவது ஒண்ணாவது. வெளியில நின்னு அந்தச் சத்தத்தைக் கேட்க அதைவிடப் பயமா இருந்துச்சு. உள்ள ஓடிட்டேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான், முதுகு விடவில்லை. "உன் தம்பி வீட்டுப் பின்கட்டு ரூம் காலியாத்தானே கிடக்கு? அங்க போவோம். என்ன, அவன் பொண்டாட்டிதான் ரெண்டு வார்த்தை பேசுவா."

"அவளை நினைச்சாலும் பயமாத்தான் இருக்கு," என்றாள். அந்தப் பயத்தோடேயே எழுந்து, பரணிலிருந்து பெரிய பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினாள்.