மூன்றாம் கிணற்றை மூடியவர்

என் வீட்டுக்காரர் சுதாகரனைப் பற்றி அப்போதெல்லாம் தோட்டத்தில் கேட்டால், "மஸ்கட்டுல பெரிய உத்தியோகம்" என்பார்கள். பெரிய உத்தியோகமாவது மண்ணாங்கட்டியாவது! எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் எட்டு வருஷமாக வெறும் உதவியாளர். வருஷத்துக்கு ஒரு மாதம் வீட்டுக்கு வருவார். மீதிப் பதினொரு மாதமும் நான் டெலிபோனோடுதான் குடும்பம் நடத்தினேன்.

அதற்கு முன்பு எஹலியகொடப் பக்கம் எங்கள் றப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் நிறுவை எழுதிக்கொண்டிருந்தார். நான் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். வரிசையில் முதலில் ஐயாவு அண்ணன், அடுத்தது இலட்சுமி அக்கா, மூன்றாவது நான். எல்லோர் பாலும் ஒரே தொட்டிக்குத்தான் போகும். வாளியை நிறுத்ததும் ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். என் வாளியில் கலந்திருந்தது. ஊரில் யார்தான் கலக்கவில்லை?

"ஜீவராணி, இது பாலா, களனி கங்கையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார் அந்த மனுஷன்.

எனக்கு மானமே போய்விட்டது. அடுத்த மாதம் அவரே பெண் கேட்டு வந்து நின்றார். பழிவாங்கத்தான் கட்டிக்கொண்டேன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

2006இல் கொழும்பில் ஓர் எண்ணெய்க் கம்பெனி ஆபிஸ் திறந்தது. எண்ணெய், எரிவாயுக் கணக்கியலில் வெளிநாட்டுச் சான்றிதழ் ஒன்று இருந்தால் இவருக்கு அங்கே வேலை. காலையில் பஸ் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். சான்றிதழ் இல்லையென்றால் மறுபடி மஸ்கட். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை, இவர் வீட்டுக்கு வந்தால் போதும்.

லீவில் வந்தவர் செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்தார். மூன்று கிணறுகளின் எண்ணெய் ஒரே தாங்கியில் போய்ச் சேருமாம். கிணற்றடியில் அளந்ததைவிடத் தாங்கியில் குறையுமாம். எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு தண்ணீர் கழிப்பது, குறைவை எப்படிப் பங்கு போடுவது என்று மூன்று நாள் தலையைச் சொறிந்தார். நாலாம் நாள் துள்ளி எழுந்தார்.

"அட, இது நம்ம பால் ஸ்டோருதானே!"

அன்றிலிருந்து முதல் கிணற்றுக்கு ஐயாவு, இரண்டாவதுக்கு இலட்சுமி, மூன்றாவதுக்கு ஜீவராணி என்று பெயர் எழுதி வைத்துத்தான் கணக்குப் போட்டார். சங்கதி வெளியே தெரிந்துவிட்டது. ஐயாவு அண்ணன் தினமும் வாசலில் நின்று, "தம்பி, இன்னைக்கு நம்ம கிணறு எத்தன பீப்பா?" என்று விசாரிப்பார்.

"என் கிணத்துல மட்டும் எப்பப் பாத்தாலும் தண்ணி கூடவே இருக்கு. வேணும்னுதானே செய்றீங்க?" என்று நான் சண்டை பிடித்தேன்.

"பழைய ரெக்கோட் அப்படித்தானே ராணி."

கொழும்பில் சோதனை எழுதிவிட்டு மஸ்கட் போனார். ஒன்றரை மாதத்தில் முடிவு வந்தது. எழுபது எடுத்தால் பாஸ்; இவர் எடுத்தது அறுபத்தேழு. டெலிபோனில் நான் கத்தித் தீர்த்தேன். அடுத்த வருஷம் இன்னோர் இடம் காலியாகும் என்று கொழும்புக்காரர்கள் சொன்னார்கள். அந்த ஒரு வருஷம் எனக்கு ஓடவே இல்லை.

மறு வருஷ லீவு. சோதனைக்கு முதல் நாள் மத்தியானம் பழைய வினாத்தாள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தேன். செலவு வரவை மிஞ்சிய கிணறு எது, அதை மூடுவதா என்பது கேள்வி. எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் இலக்கம் எனக்குத் தெரியும். மூன்றாவது கிணறு நட்டத்தில் ஓடுகிறது. இவர் கீழே எழுதியதோ, தொடர்ந்து நடத்தலாம் என்று.

"நட்டத்துல ஓடுதே, ஏன் மூடல?"

கழுத்தைத் தடவினார். "இல்ல ராணி... அது வந்து..."

"எது வந்து?"

"போன வருசமும் இதே மாதிரி வந்துச்சு. மூணாவது கிணறுதான். ஜீவராணிய மூடச் சொல்லி எழுதக் கை வரல. அபசகுனமா, உனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடச் சந்தோஷம் வந்தது. சந்தோஷம் வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. சுளகைக் கீழே போட்டேன்.

"அட கூறு கெட்ட மனுசா! ஒரு கிணத்துக்காகவா நான் ஒரு வருசம் இங்க தனியாக் கெடந்தேன்? நாளைக்கு வந்தா மூடுங்க. ஒரு சொட்டு வெளிய வராம மூடுங்க."

"உன் பேருக்குப் பதிலா நம்ம தோட்டத்துக் கங்காணி பேர வச்சுக்கவா?"

"புதுப் பேர வச்சுக் குழப்பிக்காதீங்க. என் பேர்லயே மூடுங்க."

மறுநாள் கூடவே போனேன். மண்டபத்து வாசலில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அனே நோனா, பயவென்ன எபா" என்று காவலாளி சிங்களத்தில் தேற்றினார். பயப்படாமல் எப்படி இருப்பது? மூன்று மணி நேரம் கழித்து, சாவு வீட்டிலிருந்து வருகிறவர் போல இவர் வந்தார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"மூணாவதுதானா?"

தலையாட்டினார்.

"மூடினீங்களா?"

"மூடிட்டேன்," என்றார். கண் கலங்கியிருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அத்தனை பேருக்கு முன்னால் என் கையைப் பிடித்தவர் எஹலியகொட வரைக்கும் விடவில்லை. இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், என் பெயருக்கு அர்ச்சனைச் சீட்டு எடுத்தார்.

"அம்மாவுக்குப் பொறந்த நாளா?" என்று ஐயர் கேட்டார்.

"இல்ல சாமி. இன்னைக்குக் காலையில இவள மூடிட்டு வந்திருக்கேன். நல்லா இருக்கணும்."

ஐயர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

எண்பத்தொன்று எடுத்தார். 2008 தொடங்கியதும் பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தார். இப்போது தினமும் முதல் பஸ்ஸில் போய் இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறார், தினமும் என்னிடம் ஏச்சும் வாங்குகிறார். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியவர், அதன் மூலையில் அந்த அர்ச்சனைச் சீட்டையும் செருகி வைத்தார். அசிங்கமாக இருக்கிறது, எடுங்கள் என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். அவர் எடுக்கவில்லை. ஒட்டடை அடிக்கும்போது நானும் அதை எடுப்பதில்லை.