கிருமிக்கு வைத்த சந்தனப் பொட்டு

காலையில் மருமகள் டிபன் பாக்ஸில் மார்க்கர் பேனாவால் பேர் எழுதினாள். அந்த ஸ்பிரிட் வாசனை வந்ததும் எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. "இன்னா அத்தே, தனியா சிரிக்கிறீங்க?" என்றாள். அவளிடம் சொல்லக் கூச்சம். உங்களிடம் சொல்கிறேன்.

அஞ்சாவதோடு நின்ற எனக்கு அப்போது தாம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை. என்னை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம், அப்படிப்பட்ட வேலை. அங்கே கீதா என்ற பெண் மூலிகையில் பிஎச்டி செய்தாள். குப்பைமேனி, நொச்சி, தும்பை என்று பன்னிரண்டு இலைகளில் சாறெடுப்பாள். தட்டில் ஜெல்லி, அதன்மேல் கிருமி, அதன்மேல் சாற்றில் நனைத்த துளிக் காகிதம். ஒரு ராத்திரி சூட்டுப் பெட்டியில் இருந்தால் கிருமி வெள்ளையாகப் படரும். சாற்றுக்குச் சக்தியிருந்தால் காகிதத்தைச் சுற்றி மட்டும் தெளிவாக, நிலா கோட்டை கட்டினாற்போல வட்டம் நிற்கும்.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் எல்லா மெஷினையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். பெட்டிக்குள் இருந்த தட்டுகள் மட்டும் என்ன பாவம் செய்தன? கழுவும்போது, எந்த இலை என்று தட்டில் மார்க்கரால் எழுதிய நம்பரை ஸ்பிரிட்டால் அழிப்பது என் தினப்படி வேலை. பொட்டு வைக்குமுன் கை அதுபாட்டுக்கு அழித்துவிட்டது.

கீதா வந்து திறந்தாள். ஒரு தட்டில் அகலமான வட்டம். எந்த இலை?

"அக்கா, நம்பர் எங்க?"

"தொடச்சிட்டேம்மா."

"எல்லாத்தையுமா?"

"சந்தனம் ஒட்டணும்ல."

தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து ஓய்ந்த பிறகுதான் ஆய்வகத்தை நடத்தும் மேடம் ஞாபகம் வந்தது. தெரிந்தால் என் வேலை போய்விடும்.

அன்றே எல்லாவற்றையும் புதிதாக வைத்தோம். லீவு நாளில் வாட்ச்மேனைக் கெஞ்சி உள்ளே போனோம். ஆறாம் தட்டில் அதே அகல வட்டம். குப்பைமேனி. கைகோத்துக் குதித்தோம், நாற்பது வயதில் நானும்.

லீவு முடிந்து மேடம் வந்தார். "முதல்ல வச்ச தட்டு என்னாச்சு?"

"என் கைதவறி நம்பர் அழிஞ்சிடுச்சு மேடம்" என்றாள் கீதா, எனக்காக.

மேடம் முன்னால் நான் தலையாட்டியதோடு சரி, பேசியதே இல்லை. "நான்தாம்மா தொடச்சேன். பூஜைக்கு." குரல் எங்கிருந்து வந்ததோ.

மேடம் பழைய தட்டுகளை எடுத்துப் பார்த்தார். "நாங்க கிருமியக் கொல்ல வழி தேடறோம், நீங்க அதுக்குப் பூஜை போட்டிருக்கீங்க" என்றார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். "அடுத்த வருஷம் மெஷினோட நிறுத்திக்கோங்க."

அடுத்த வருஷம் என்றாரே! அது போதும் எனக்கு. கழுவும் தொட்டியருகே போய் நின்று கீதாவும் நானும் மறுபடி சிரித்தோம்.

அந்த அறையை இடித்துவிட்டார்கள். நான் வாய்திறந்து பேசிய இடத்தில் இப்போது ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள்.