மிஸ்திரி ஸ்பேனரைத் தொடாத நாள்

லட்சம் மைல் ஓடிய எங்கள் கார், இன்று காலை லேக் மார்க்கெட் வாசலில் ஆயில் பிரஷர் குறைவு என்று சிவப்பு விளக்கைக் காட்டியது.

“இன்ஜின் போச்சு. வித்துடுங்கோ,” என்றாள் மனைவி.

அடுத்த தெருவில் கார் ரிப்பேர் பார்க்கும் வங்காளி மிஸ்திரியிடம் தள்ளிக்கொண்டு போனேன். இன்று விஸ்வகர்மா பூஜை, நம்ம ஆயுத பூஜை மாதிரி. ஸ்பேனரெல்லாம் சாமி முன்னால், பூவும் பொட்டுமாக.

“இன்னிக்கு டூல்ஸைத் தொட மாட்டேன், தாதா,” என்றார். வங்காளியில் தாதா என்றால் அண்ணா.

ஆனாலும் மனசு கேட்காமல், வெறுங்கையால் ஆயில் அளவைப் பார்த்தார். சரியாக இருந்தது. சாவியைப் போடச் சொல்லி, இன்ஜினிலிருந்து விளக்குக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினார். அப்போதும் விளக்கு அணையவில்லை.

“பிடுங்கியும் எரியுதுன்னா தப்பு இன்ஜின்ல இல்ல. ஒயர் தேஞ்சு காரோட பாடியில உரசுது. நாளைக்கு கேஜ் மாட்டி பிரஷரையும் பாத்துடலாம். இன்ஜின் நல்லாத்தான் இருக்கும்.”

கையில் ஸ்பேனர் இருந்திருந்தால் இந்நேரம் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார்.

மாதம் ஒரு விஸ்வகர்மா பூஜை வேண்டும் என்கிறேன். நீங்கள்?