அலுமாரிக்கு அங்கால்

ஓலைத்தொடுவாய் மீனவர் வலன்ரைன் ஐம்பத்தாறு வயதில்தான் தன் கழுத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். அதுவரை அது தலையைத் தாங்கிக்கொண்டு தன்பாட்டில் இருந்தது.

புரட்டாதியில் ஒருநாள் கரைக்கு வரும்போது, பின்னால் எழும்பிய அலையை அவர் காணவில்லை. வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறி, ஒரு பெட்டி மீன் கடலோடு போய்விட்டது. அவருடைய மனைவியின் தம்பி றொட்னி, நனைந்த சாரத்தைப் பிழிந்தபடி சொன்னான்:

"அத்தான், உங்கட கண்ணில பிழையில்லை. கழுத்துத்தான் திரும்புதில்லை. வாடைக்காத்துத் தொடங்க முந்திச் சரிப்பண்ணுங்கோ. இல்லாட்டி எஞ்சின் பிடியை என்னட்டத் தாங்கோ."

பின்னால் இருந்து வள்ளத்தைத் திருப்பி ஓட்டும் அந்தப் பிடியைக் கொடுத்தால் வள்ளத்தின் முன்பக்கத்தில் போய்க் குந்தவேண்டும். முப்பது வருசம் ஓட்டியவருக்கு அது லேசில் விழுங்கக்கூடிய சங்கதியல்ல.

மன்னார் கிளினிக்கில் பிசியோதெரப்பி செய்யும் நஸ்லியா அவரை ஒரு கதிரையில் இருத்தினாள்.

"வள்ளத்தில எப்பிடி இருப்பீங்க ஐயா? அப்பிடியே இருந்து காட்டுங்க."

இடது கையைப் பின்னுக்கு நீட்டி, இல்லாத பிடியைப் பிடித்தார். நெஞ்சு இடப்பக்கம் போனது. முன்னால் பார்க்கவேண்டுமே, முகம் வலப்பக்கம் திரும்பியது.

"எத்தின வருசம் இப்பிடி?"

"முப்பது."

"அப்ப கழுத்தில குற்றமில்லை. நீங்க பழக்கின பக்கம் திரும்புது. பழக்காத பக்கத்தை மறந்துபோச்சு."

தான் அப்படி இருப்பது வலன்ரைனுக்கு அன்றுதான் தெரியும். திரும்பி வரும்போது பஸ் சாரதியின் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கியதும் தையல்கடைக்காரியின் குனிந்த பிடரி. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு கோணல் இருக்கும்போல.

பயிற்சி மூன்று. சுருட்டிய துவாயை மேல்முதுகுக்குக் கீழே குறுக்காக வைத்து, கைகளை விரித்துப் படுப்பது. நாடியைக் கழுத்துப்பக்கமாகப் பின்னுக்கு இழுப்பது. பிறகு கதிரையில் இருந்து, இழுவை தெரியும் வரைக்கும் தலையை இடப்பக்கம் மெல்லத் திருப்பி அரை நிமிடம் வைத்திருப்பது. நோகக்கூடாது.

வீட்டு மணிக்கூடு அவருக்கு முதுகுப்பக்கச் சுவரில் இருந்தது. தினமும் செபமாலை சொல்லும் வீட்டில் அரை நிமிடத்தை அளக்க மணிக்கூடு எதற்கு? இரண்டு 'அருள் நிறைந்த மரியே' போதுமென்று மனைவி பெற்றிசியா சொன்னாள். முதல்நாளே அவர் உடம்போடு சேர்த்துத் திரும்பியதைக் கண்டு, ஒரு சாரத்தால் அவரைக் கதிரையோடு கட்டியும் விட்டாள்.

"இப்ப என்ன தெரியுது?"

"அலுமாரி."

"அலுமாரிக்கு அங்கால?"

"ஒண்டும் இல்லை."

அங்கால் அந்தோனியார் படம் இருந்தது. அதற்கும் அங்கால் குசினி வாசல். மூன்று கிழமையாக அலுமாரிதான் தெரிந்தது.

"படம் உங்களுக்குத் தெரியாட்டிலும் அந்தோனியார் உங்களைப் பாத்துக்கொண்டுதான் நிக்கிறார்" என்றாள் பெற்றிசியா.

அடுத்த கிளினிக்கில் நஸ்லியா அளந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"எவ்வளவு நேரம் வச்சிருக்கிறீங்க?"

"ரெண்டு 'அருள் நிறைந்த'."

நஸ்லியாவுக்கு விளங்கவில்லை. போனை எடுத்தாள். "வீட்டில சொல்ற மாதிரியே சொல்லுங்க, பாப்பம்."

வலன்ரைன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் ஓடினார். இரண்டும் முடிய, அவள் போனைத் திருப்பிக் காட்டினாள்: பதினொரு செக்கன்.

வீட்டில் இதைக் கேட்ட பெற்றிசியா வாயில் கைவைத்தாள். "இவ்வளவு காலமும் மாதாவையும் இப்பிடித்தானே ஓட ஓடக் கலைச்சிருக்கிறியள்!"

"உம்மோட சேர்ந்து சொல்லித்தானே எனக்கு இந்த வேகம் வந்தது."

அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்கள். மெல்லச் சொன்னால் ஒரு செபம் இவ்வளவு நீளமா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டாம் கிழமை படத்தின் சட்டம் தெரிந்தது. பிறகு அந்தோனியாரின் ஒரு தோள். பிறகு முழு ஆளும். ஐப்பசி முடிகிற நேரம், குசினிக்குள் பெற்றிசியா தேங்காய் துருவுவது அரைவாசி தெரிந்தது.

வாடை தொடங்கி நாலாம் நாள், கரைக்கு வரும்போது கடல் கலங்கிக் கிடந்தது. றொட்னி முன்னால் இருந்தாலும் கரையைப் பார்க்கவில்லை. அத்தானின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வலன்ரைன் தலையை இடப்பக்கம் திருப்பினார். உடம்பு அசையவில்லை. பின்னால் மூன்று அலைகள். மூன்றாவது பெரியது.

எஞ்சினைக் குறைத்தார். முதலாவதும் இரண்டாவதும் வள்ளத்தைத் தூக்கி இறக்கிவிட்டுப் போயின. மூன்றாவதும் வள்ளத்துக்கு அடியால் போனதும், அதன் முதுகோடு ஒட்டி ஒரே ஓட்டமாக விட்டார். வள்ளம் மணலில் உரசி நின்றது. மீன் பெட்டியில் ஒரு துளி கடல்தண்ணீர் ஏறவில்லை.

றொட்னி இறங்கிக் கயிற்றைப் பிடித்தான். பிடியைக் கேட்கிற கதை அதோடு முடிந்தது.

"என்ன அத்தான், பின்னால என்ன தெரிஞ்சது?"

"குசினி" என்றார் வலன்ரைன்.