மஞ்சள் கறை படிந்த குழாய்கள்

உண்ணாமலை அக்காவால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. சோதனைக் குழாய்களைச் சூட்டுப்பெட்டிக்குள் வைத்துவிட்டால் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் ஆய்வகத்தைக் காலால் அளந்துகொண்டிருப்பார். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு மாசியில் திரும்பி, புதுச்சத்திரம் பக்கத்துக் கல்லூரியில் தற்காலிக வேலையில் ஒட்டிக்கொண்ட எனக்கும் கால் தரிக்காது. இரண்டு பேரும் எதிரெதிராக நடப்போம்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. எருமப்பட்டிக்காரர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, பன்னிரண்டு வருஷம் கோழிப்பண்ணையில் இருந்துவிட்டு இங்கே குழாய் கழுவ வந்தவர். பக்கத்தில் நின்று பார்த்தே நுண்ணோக்கி பழகிக்கொண்டார். ஈஸ்ட் எண்ணுவதில் அவர் கண்ணை மிஞ்ச எங்கள் துறையில் ஆளில்லை.

நாங்கள் வளர்த்தது கோழியின் தீனிப்பையிலும் மனிதர் வாயிலும் புண் உண்டாக்கும் ஈஸ்ட். சும்மா இருக்கும்போது உருண்டை. முட்டை வெள்ளைக்கருவில் கலந்து உடம்புச் சூட்டில் வைத்தால் முளைவிட்ட பச்சைப்பயறு போல வால் நீட்டும். அந்த வால்தான் சதையைத் துளைக்கும். மஞ்சளிலிருந்து எடுத்த சத்தைச் சேர்த்தால் வால் முளைப்பதில்லை, உருண்டையாகவே நின்றுவிடுகிறது என்று ஆய்வகத்தில் இரண்டு வருஷமாகக் கண்டிருந்தார்கள். வியாழக்கிழமை எங்கள் பேராசிரியர் ஜெகதீஸ்வரன் சார் அதைச் சேலத்துக் கருத்தரங்கில் வாசிக்கப்போகிறார். கட்டுரையில் மூன்றாவது பெயர் ம. உண்ணாமலை. அச்சடித்த தாளை அக்கா கைப்பையிலேயே வைத்திருந்தார்.

திங்கட்கிழமை மஞ்சள் ஊற்றும் குழாய் ஒன்று உடைந்தது. பதிலுக்கு அக்கா அட்டைப்பெட்டியிலிருந்து புதுக்குழாய் ஒன்றை எடுத்தார். மதியம் அதிலிருந்து ஒரு துளியைப் பார்த்தவர் கூப்பிட்டார்.

"அம்முணி, இங்க வா. இதுக்கு வால் இருக்குதா, இல்ல என்ற கண்ணு பொய் சொல்லுதா?"

பார்த்தேன். எங்கு பார்த்தாலும் வால்.

"மஞ்சள் ஊத்த மறந்துட்டீங்களாக்கா?"

"போடி, கையப் பாரு." விரல் நுனியெல்லாம் மஞ்சள்.

இரண்டு நடை நடந்து கழுவுதொட்டியருகே நின்றார். கறை படிந்த பழைய குழாய்கள், மறுபடி மஞ்சளுக்கே எடுப்பதற்காக, அங்கே தனி வரிசையில் கவிழ்ந்திருந்தன.

"அந்தக் கறைய எதுலக்கா கழுவுறீங்க?"

"பண்ணை மருந்துலதான். கோழிக்குத் தண்ணி வெக்கிற கிண்ணம் கழுவுவமே, அது."

"அப்புறம் நல்ல தண்ணியில அலசுவீங்கல்ல?"

"அதெப்படி? மருந்துக்கு மேல பச்சத்தண்ணி ஊத்துனா கிருமி திரும்பி வந்துருமில்ல? பண்ணையில அப்படியே கவுத்துக் காயவெக்கோணும்னு…"

பேச்சு பாதியில் நின்றது. மஞ்சள் ஊற்றாத குழாய்களில் கறை கிடையாது. அவற்றுக்குச் சோப்பும் தண்ணீரும்தான். இரண்டு வருஷமாக வாலை முளைக்கவிடாமல் செய்தது, குழாயில் ஒட்டியிருந்த மருந்தாகவே இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை எல்லாமே புதுக்குழாய்கள். மஞ்சள் இல்லாததில் நூற்றுக்கு எண்பத்துநான்கு வால். மஞ்சள் இருந்ததில் எழுபத்தெட்டு. மூன்று முறை எண்ணினார். மூன்றாவது முறை நின்றுகொண்டே எண்ணினார்.

புதன்கிழமை காலை சார் அறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"சாருங்க, அது மஞ்சள் இல்லீங்க. நானுங்க."

நடந்ததை முழுக்கச் சொன்னார். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாளைக்கு நான் என்னத்தம்மா வாசிக்கிறது?"

"இதைய வாசிங்க." இரண்டு எண்கள் எழுதிய தாளை மேசையில் வைத்தார். "என்ற பேர மட்டும் அடிச்சுருங்க."

"யாரு எண்ணுனது?"

"நாந்தானுங்க. மூணு தடவை."

சார் தாளைப் பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை, சார் வாசிக்கவேண்டிய பதினொரு மணி தாண்டியும் அக்காவின் நடை நிற்கவேயில்லை. சேலத்திலிருந்து என் செல்போனுக்குப் படம் வந்தது. திரையில் புதுத் தலைப்பு: 'குழாய் கழுவியதில் ஒரு பிழையும், மறுபடி எண்ணியதும்.' கீழே மூன்று பெயர்கள். மூன்றாவது அப்படியே இருந்தது.

அக்கா தன் பெயரைத் தாண்டிப் படத்தை விரலால் பெரிதாக்கினார்.

"எழுவத்தெட்டு சரியாப் போட்டிருக்காரு," என்றார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

இரண்டு நிமிடம் இருக்கும். எழுந்து, கறைக் குழாய் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"அம்முணி, ரெண்டு முட்டை ஒடை. மஞ்சளே இல்லாம, இந்த மருந்து மட்டும் இருந்தா என்ன பண்ணுதுன்னு பாத்துரோணும்."