துப்பாக்கி என் கையில், வழி ஹனீபா பாய் வாயில்

ஹனீபா பாய் மவுத் ஆயிட்டார்.

காலையில் அவர் வீட்டிலிருந்து போன். மதியம் கும்பகோணம் போய், மண் போட்டுவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன்... எனக்கு எழுத்து தெரியாது. வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் கேம் கடை வைத்திருந்தாரே, அவர்தான். சவுதியிலிருந்து எல்லாரும் கம்பளியும் டேப் ரிக்கார்டரும் கொண்டுவந்த காலத்தில், இவர் டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டியைக் கொண்டுவந்தார். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அங்கே கார் ரேஸ் ஓட்டியிருப்பீர்கள்.

நான் ஆடியது பேய் பங்களா.

டிராக்டருக்கு ஸ்பேர் வாங்க வலங்கைமானிலிருந்து போயிருந்தேன். ஸ்பேர் கடைக்காரர் சாப்பிடப் போய்விட்டார். பக்கத்துக் கடையில் ஃபேன் ஓடியது, உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"சும்மா உக்காந்திருக்கிறதுக்கு இதப் பிடிங்கண்ணே. டிராக்டர் ஓட்டுற கைதானே" என்று ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தார் பாய்.

டிவியில் ஒரு பழைய பங்களா. அதில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணை நான் ஓட்டி வெளியே கொண்டுவரவேண்டும். செத்தவனெல்லாம் எழுந்து நடக்கிறான். நான் கண்ணில் பட்டவனையெல்லாம் சுட்டேன். ஒரு அறையைச் சுத்தமாக முடித்துவிட்டுத்தான் அடுத்த அறை. ஒரு மூலையில் களையை விட்டுவிட்டு வரப்பு ஏற நமக்கு மனசு வருமா?

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, களை எடுக்கவா வந்தீங்க? இது அவனுங்க வீடு. நீங்க வெளிய போகணும், அவ்வளவுதான். அகலமான எடத்துல ஒதுங்கி ஓடிடுங்க. நீங்க திரும்பத் திரும்ப போகப்போற சந்துல எவன் நிக்கிறானோ, அவன மட்டும் சுடுங்க."

"பின்னாடியே வர்றானே பாய்?"

"வரட்டுமே. அவன் மாப்பிள்ளை ஊர்கோலம் மாதிரி வர்றான், நீங்க ஓடுறீங்க. யாரு மொதல்ல போவா?"

அதற்குள் குண்டு தீர்ந்துபோய், அடுத்த அறையில் இரண்டு பேர் என்னைக் கடித்துத் தின்றார்கள். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்பேர் கடை திறந்ததே எனக்குத் தெரியவில்லை...

அப்புறம் கும்பகோணத்தில் என்ன வேலை என்றாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்பேன்.

அந்த கேமில் ஒரு பை உண்டு. கொஞ்சம் சாமான்தான் பிடிக்கும். நான் கிடைத்ததையெல்லாம் திணிப்பேன். "ரெண்டு எடம் எப்பவும் காலியா வைங்கண்ணே. சாவி கண்ணு முன்னாடி இருக்கும், எடுக்க எடம் இருக்காது. திரும்பிப் போறதுக்குள்ள கடிச்சிடுவான்" என்பார்.

கதவைத் திறக்கும் முன்னால் நின்று காது கொடுக்கச் சொல்வார். காயம் ஆற்றும் மூலிகை இருக்கிறது என்று லேசான அடிக்கெல்லாம் தின்னக்கூடாது, நொண்ட ஆரம்பித்த பிறகுதான். மேப் கிடைத்தால் முதலில் அதைப் பார்க்கவேண்டும்... மேப் எனக்கு வசதி, அது படம்தானே. ஒரு தடவை போன வழி எனக்கு மறக்காது. நடுவில் வரும் கடிதங்களை மட்டும் பாய் படித்துச் சொல்வார். செத்தவன் எழுதியது என்றால் செத்தவன் குரலிலேயே படிப்பார். கடையே அடங்கிப் போகும்.

போன வருஷம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை தூக்கவில்லை. கடையை மூடி, பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அப்போதுதான் சொன்னார்... அந்தப் பங்களாவை அவரே முடித்ததில்லையாம். யாராவது வந்து கூப்பிடுவார்கள், பாதியில் எழுந்துவிடுவார். எங்கள் எல்லாருக்கும் வழி சொன்ன மனுஷன் கடைசிக் கதவுக்கு அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை.

"வாய் போறதுக்குள்ள முடிவப் பாத்துடணும்ணே. கை உங்களுது, வாய் என்னுது. வாரீங்களா?"

போகாமல் இருப்பேனா?

மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் ஆரம்பிப்போம். யாராவது பார்க்க வந்தால் அவர் மனைவி வாசலிலேயே மடக்கிவிடுவார். "ரெண்டு கெழமும் பேய் வேட்டைக்குப் போயிருக்கு. திரும்பி வந்தா சொல்றேன்."

வர வர பாய்க்குப் பேச்சு குழறியது. ஒரு சொல்லுக்கு மூச்சு வாங்கும். டாக்டர் இரண்டாவது ஸ்ட்ரோக் வந்தால் தாங்காது என்றாராம். நான் பஸ் ஏறும்போதெல்லாம் இன்றைக்காவது முடியவேண்டும் என்றுதான் ஏறுவேன்.

போன வாரம் கடைசிக் கதவு. உள்ளே ஒரு பெரிய உருவம்... செத்தேன். மறுபடியும் செத்தேன். ஒவ்வொரு தடவையும் பையில் பெரிய துப்பாக்கிக் குண்டு அப்படியே மிச்சம், மூலிகையும் மிச்சம். பின்னால் வேண்டியிருக்குமே என்று எனக்குக் கை வரவில்லை.

பாய்க்கு வந்ததே கோபம். அன்றைக்கு ஒரு சொல் குழறவில்லை.

"யாருக்குண்ணே வைக்கிறீங்க? வெதநெல்லா அது? இதுக்கு அப்புறம் ஒரு ரூம்கூட கெடையாது. எல்லாத்தயும் எடுத்து அடிங்க!"

அடித்தேன். மூலிகையைத் தின்றேன், மறுபடியும் அடித்தேன்... அது மண்டியிட்டு விழுந்தது. பொழுது விடிந்து, அந்தப் பெண் பங்களாவை விட்டு வெளியே வந்தாள்.

பாய் இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

டிவி கறுத்து, எழுத்து எழுத்தாக மேலே ஏற ஆரம்பித்தது.

"என்ன பாய் இது?"

"இத செஞ்சவங்க பேருண்ணே."

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். "அதான் முடிஞ்சிடுச்சுல்ல, அமத்தவா?"

"இரும்மா."

ஒவ்வொரு பேராக எனக்குப் படித்துச் சொன்னார். எல்லாம் ஜப்பான்காரப் பேர். நல்ல நாக்குக்கே புரளாது... சிக்கினால் நின்று, முதலிலிருந்து சொல்வார். ஒன்றையும் விடவில்லை. டீ ஆறிப்போனது.

கடைசிப் பேர் போன பிறகுதான் தலையணையில் சாய்ந்தார்.

"நல்லா பயமுறுத்துனாங்கண்ணே."

சலாம், பாய்.